மேல்வீட்டுப் பாடம்

"எட்டுல மூணு போனா ஆறாடா? கண்ணு எங்க மேயுது உனக்கு? கொடியில கிளிப்பு தொங்குதுல்ல, மறுபடியும் எண்ணு. மூணை மனசுக்குள்ளயே எடு, ஸியாத்!"

மேல்வீட்டு ஸியாத் அம்மாவின் குரல் மன்வருக்குள் இறங்கி, ஒவ்வொரு சமையலறையிலும் நுழைந்து வந்தது. ஷுப்ராவில் அந்தப் பழைய கட்டடத்தின் நடுவே, காற்றுக்கென்று விட்ட இருட்டுச் சந்துதான் மன்வர். எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதில்தான் திறக்கும். ஒருத்தி பூண்டு வதக்கினால் கட்டடமே தும்மும். கெய்ரோ முழுக்க இதே கதைதான்.

சப்ரீன் முலூகியா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். தஸ்னீம் ஜன்னலோரம் முக்காலியில் ஏறி நின்று, மேல்வீட்டுக் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் துணி இல்லை. வெறும் கிளிப்புகள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

"நானும் ஆறுன்னுதானேம்மா சொன்னேன்!"

"உஷ்! மெதுவாப் பேசு. மேல கேட்டுடப்போகுது."

பிள்ளைகளோடு வீட்டில் செய்ய வேண்டியதை டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பயறைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள், ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், இப்படி. அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சப்ரீனுக்கு வேர்த்துவிடும். நாலாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள்.

ஸியாத்தும் தஸ்னீமும் ஒரே வகுப்பு. ஒருநாள் மாடிப்படியில் ஸியாத் அம்மாவே கேட்டாள்: "தஸ்னீமையும் மேல அனுப்புங்களேன். சேர்ந்து செய்யட்டும்."

"வேணாங்க. அவளுக்கு வீட்டுக்கே ஒரு மிஸ் வராங்க."

எந்த மிஸ்? தன் படிப்பின் லட்சணம் வெளியே தெரிந்துவிடுமே என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அப்புறம் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதே பெரும்பாடாகிவிட்டது.

நல்லவேளையாக, அந்த வாரமே மேலே இந்தக் கத்தல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து மகளை ஜன்னலோரம் நிற்க வைத்துவிடுகிறாள். மேலே "பயறை எடு" என்றால் இங்கேயும் பயறு. மேலே "ரவையில எழுது" என்றால் இங்கேயும் ரவை. திருட்டுப் பாடம்தான். ஆனால் பிள்ளை தேறிக்கொண்டு வருகிறாளே!

வியாழக்கிழமை டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்பார். தடுமாறினால் அம்மாவுக்கு அழைப்பு வரும். 'வீட்ல என்னதாங்க சொல்லிக் கொடுத்தீங்க?' என்று எல்லார் முன்னாலும் கேட்டால்?

கதவு தடதடத்தது. கீழ்வீட்டு கரீமா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சா? தினம் தினம் இதே கூத்து! அந்தப் பையன் மூச்சுக்கூட விடமாட்டேங்கறான் பாரு. பயந்து செத்துக் கிடக்கான் பாவம். எங்க வீட்டுக்காரர் கத்தினா நானும் சேர்த்துக் கத்துவேன், அது வேற. இது பச்சைப் பிள்ளை! நீ போய்ச் சொல்லு."

"நானா?"

"பின்ன? அவளுக்கு நேர் கீழ இருக்கறது நீதானே? உனக்கென்னம்மா, உன் பொண்ணுக்கு மிஸ்ஸு வராங்க. அவ பெத்ததுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

தஸ்னீம் ஜன்னலில் "ஏழு" என்றாள்.

"தப்பு!" மேலே பாத்திர மூடி ஒன்று டணார் என்று அடிபட்டது.

கரீமா, "பாத்தியா?" என்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

சப்ரீன் கதவைச் சாத்தினாள். இத்தனை நாள் இது ஏன் உறைக்கவில்லை? அங்கே ஒரு பிள்ளை திட்டு வாங்குவதில் இங்கே என் பிள்ளை தேறுகிறாளா? போய்ச் சொன்னால் கோபித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவாள். அதோடு பாடம் போச்சு. வியாழக்கிழமை மானமும் போச்சு. சொல்லாவிட்டாலோ, அந்தப் பையனின் முகம் தூங்க விடாது.

"இங்கயே நில்லு. வாயைத் திறக்காதே" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சேர்த்துச் சேர்த்து வைத்தாள். கதவு திறந்ததும் எல்லாம் கலைந்துபோயிற்று.

"அட, தஸ்னீம் அம்மாவா! வாங்க, டீ போடறேன்." ஸியாத் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கையில் ஒரு கிளிப்பு.

"டீ வேணாங்க. தப்பா எடுத்துக்காதீங்க... சின்னப் பிள்ளை. இவ்வளவு திட்டாதீங்க. படிப்பு இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு வரும். நான் ஸியாத்தை ஒரு தடவை பாக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. ஜன்னலை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி. பக்கத்தில் பாத்திர மூடி.

"ஸியாத் எங்கங்க?"

"அவனா..." ஸியாத் அம்மா கிளிப்பை விரலில் மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். "பள்ளிக்கூடம் விட்டதும் அவன் சித்தி வீட்டுக்குப் போயிடுவான். பொழுது சாய்ஞ்சு மக்ரிப் பாங்கு சொன்னாத்தான் வருவான்."

"தினமுமா?"

"தினமும்தான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போது கீழே மன்வருக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் ஏறி வந்தது.

"அஞ்சு! எட்டுல மூணு போனா அஞ்சு!"

சப்ரீனின் கண்கள் நிறைந்தன. ஸியாத் அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டிய தொண்டையோடு கட்டடமே கேட்கக் கத்தினாள்:

"இப்பதான்டா சரி, என் ராஜா ஸியாத்!"