நாலாவது பாட்டில் டொக் டொக்

"நிறுத்துடா! நமக்கு வேண்டியது டொக் டொக். இது என்ன தட் தட்னு, செத்த சத்தம்!"

அக்கா மைக்கை விட்டு விலகி, தம்பியின் கையிலிருந்த மரக்கட்டையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். அங்கே ஏற்கெனவே ஒற்றை ஷூ, தகர டின், உடைந்த நாற்காலிக் கால் எல்லாம் கிடந்தன. காலையிலிருந்து தட்டிப் பார்த்துத் தோற்றவை.

"நான் என்ன பண்ணட்டும்? அந்த மனுஷன் எதால தட்டினாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் தம்பி. டிரம் வாசிப்பவன் அவன். போயும் போயும் இரண்டு தட்டலில் தோற்பது அவனுக்கு மானப் பிரச்சினை.

அது மூன்றே பேர் கொண்ட ராக் பேண்ட். கல்யாண வீட்டில் கூப்பிட மாட்டார்கள், ரேடியோவில் போட மாட்டார்கள், அந்த ரகப் பாட்டு. அக்கா பாட்டும் கிதாரும். தம்பி டிரம். பேஸ் கிதாருக்கு நெட்டைக்கொக்கு என்று பேர் வாங்கிய நண்பன். இரண்டு வருடமாக நாய்கூடச் சீண்டாமல் கிடந்தவர்களைப் போன மாதம் ஒரு பத்திரிகை விமர்சனம் தூக்கி நிறுத்தியது.

எழுதியவர் 'பாம்புச்செவி'. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. லேசில் யாரையும் பாராட்டாத ஆள். அவர் பேனாவில் அடிபட்டு, பேண்டையே கலைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர் இவர்களுடைய முதல் பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தார்: 'நெருப்புக் குரல். ஆனால் நாலாவது பாட்டில், எங்கோ தூரத்தில் இரண்டே முறை கேட்கிறதே ஒரு டொக் டொக், இந்தப் பதிவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.'

கூத்து என்னவென்றால், அந்த டொக் டொக்கை இவர்கள் வாசிக்கவே இல்லை. இதே மாடி அறையில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையில் தட்டியது அது. அழிக்கப் பார்த்தார்கள். முடியாமல் அப்படியே விட்டார்கள்.

அடுத்த வாரம் மேடையில் வாசித்தார்கள். பாம்புச்செவி அதற்கும் வந்து எழுதினார். 'ஆவேசம், வேகம், எல்லாம் பிரமாதம். ஆனால் அந்த டொக் டொக் எங்கே?'

நாளைக்கு மறுபடி மேடை. ரெக்கார்டிங் கம்பெனி மேனேஜர் வருகிறார். பாம்புச்செவி எழுதுவது அவருக்கு வேதவாக்கு. "அந்தத் தட்டல் மேடையில கேட்டா, அங்கேயே கையெழுத்து" என்று போனில் சொல்லிவிட்டார்.

அக்காவின் ஆறு மாத லீவு திங்கட்கிழமை காலையோடு முடிகிறது. கையெழுத்து விழவில்லை என்றால் திரும்பவும் பாங்க் கவுண்ட்டர்தான். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கடிக்க நகமும் மிச்சம் இல்லை.

"கீழ போய்க் கேட்டுடுவோம்" என்றாள் திடீரென்று.

"யாரை, அந்தச் சிடுமூஞ்சியையா?" தம்பி பதறினான். "நம்மளைக் காலி பண்ணச் சொல்லி ஓனருக்கு மூணு லெட்டர் போட்ட ஆளையா!"

"கால்ல விழச் சொன்னாலும் விழறேன். வாங்கடா."

அக்கா அந்த விமர்சனத் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ள, மூன்று பேரும் இறங்கிப் போய் மணி அடித்தார்கள். கதவைத் திறந்த கீழ்வீட்டுக்காரரின் கையில் ஒரு குடை. வெளியே மழை இல்லை.

"என்ன, மேல இடி ஓய்ஞ்சுதா?"

தம்பி குடையின் மரக்காம்பைப் பார்த்தான். அக்காவின் விலாவில் இடித்தான். அதேதான்!

"சார், உங்களை ரொம்பப் படுத்திட்டோம், மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்த அக்கா, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "நாளைக்கு அந்தக் குடையோட மேடைக்கு வரணும் சார். நாலாவது பாட்டுல ரெண்டே தட்டு. என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

"நல்லா இருக்கே! தலைவலி தாங்காம தட்டினவன்மா நான். என்னைப் போய் வித்வான் ஆக்கறீங்க?"

"இப்பல்லாம் தட்டறதையே விட்டுட்டீங்களே சார்" என்றான் நெட்டைக்கொக்கு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"கண்ட பாட்டுக்கும் தட்டுவாங்களா?" என்றார் அவர். பிறகு அக்காவின் கையிலிருந்த பத்திரிகைத் துண்டைப் பார்த்தார். "அப்படி என்னதான் எழுதியிருக்கு? படி, கேக்கலாம்."

அக்கா படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிடுசிடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முகத்தில் குழைவு வந்தது.

"டொக் டொக் வர்ற இடத்தை இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"சரி, வர்றேன்" என்றார்.

தம்பி குதித்தே விட்டான். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காலையிலிருந்து நிற்காமல் நடந்த கால்கள் அப்போதுதான் ஓரிடத்தில் நின்றன.

அவர் அந்தத் துண்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். முகம் மறுபடி சுருங்கியது. "கடைசியில ரெண்டு வரியைக் காணோமே?"

"இல்லையே சார், பத்திரிகையில வந்ததே அவ்வளவுதான்."

"எழுதிக் குடுத்ததுல இருந்துச்சும்மா. 'தட்டியவர் யாரோ, அவர் பிறவிக் கலைஞர்'னு. இடம் பத்தலைன்னு வெட்டிட்டானுங்க, பாவிங்க!"