மிலிட்டரி கோட்டா

கடலூர் முதுநகர் வீட்டுக்குள் ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் உறுமுகிறது. உள்ளே இன்னாசிமேரி. முகத்துக்கு மேலே கண்ணாடி வியர்க்க வியர்க்கத் துடைத்துக்கொண்டிருக்கிறார் அவள் கணவர், முன்னாள் ஹவில்தார் லூர்துநாதன். மைத்துனன் ஜெகன் அவர் காதோரம் குனிகிறான். "மாமா, குழி வெட்டுறவங்க சரக்கு கேக்குறாங்க. உங்க மிலிட்டரி கோட்டால நாலு பாட்டில் இருந்தா நம்ம பசங்களுக்கும் ஆவும்." அவன் கண் பீரோவில் இருக்கிறது. ஊர் திரும்பிய இருபது வருடத்தில் சொந்தபந்தம் இவரிடம் கேட்டது இது ஒன்றைத்தான். எல்லையில் எப்படி இருந்தது என்று கேட்ட ஒரே ஒருத்தியும் பெட்டிக்குள் கிடக்கிறாள். லூர்துநாதன் துண்டை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, பீரோவைத் தாண்டிப் போய், கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கும் கடப்பாரையை எடுக்கிறார். "பாறையில பதுங்குகுழி வெட்டுன கை இது. உங்க அக்காவுக்கு நானே வெட்டுறேன். எடத்த மட்டும் காட்டுடா."