கம்பிக் கதவு அறை

"பூட்டின அறையிலயிருந்து கம்ப்யூட்டர்களை வெளியில எடுத்தது நீங்கள்தானோ?"

"நான்தாங்க."

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை அதிபர் அழகமுத்து தயங்காமல் சொன்னார்.

கண்டி கல்வி அலுவலகத்தில் விசாரணை. நடத்தியவர் இராசமணி என்ற பெண் அதிகாரி. தோட்டப் பிள்ளைகளுக்கும் அரசாங்க மானியத்தில் கம்ப்யூட்டர் வேண்டுமென்று கொழும்புக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். கம்பிக் கதவு போட்ட அறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தமிழர்களுக்கு எதிரான கலவர வாரத்தில் அதிபர் அவற்றை அறைக்கு வெளியே விறாந்தைக்குத் தூக்கி வந்திருக்கிறார். மறுநாள் எல்லாமே நொறுங்கிக் கிடந்தன.

யார் உடைத்தது என்று இராசமணி கேட்டார். அதை மட்டும் சொல்ல முடியாது என்றார் அதிபர். காவற்காரன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கும்படி அலுவலகத்தில் ஒருவர் காதைக் கடித்திருந்தார். அழகமுத்து அதற்கும் மசியவில்லை.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தால்?"

"மறுபடியும் வெளியதாங்க வைப்பேன்."

இராசமணிக்குக் கோபம் ஏறியது.

"அப்ப நீங்கள் இந்தத் திட்டத்தில இருக்கக் கூடாது. இனி எந்தப் பாடசாலைக்குப் போனாலும் மானியப் பொருளுக்குப் பொறுப்பாக இருக்க ஏலாது."

"பள்ளிக்கூடத்துக்கு மறுபடி கெடைக்குங்களா?"

"தடை உங்களுக்குத்தான். பிள்ளைகளுக்கில்லை."

"அது போதுங்க."

கும்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஒரு சிங்களப் பெண் உள்ளே வந்தாள். பெயர் குசுமாவதி. தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருப்பவள். தான் சொல்வதை எழுதக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தீ வைத்தது எங்கிருந்தோ லொறியில் வந்த சிங்களக் கூட்டம். கைக்கெட்டாமல் அது போய்விட, ஆத்திரம் தாங்காத தோட்டத்து இளைஞர்கள் அவள் கடைக்குத் திரண்டு வந்தார்கள். அதிபர் முந்திக்கொண்டார். பாடசாலையின் கம்பிக் கதவு அறையைக் காலி செய்து, அவளையும் பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களின் கோபமெல்லாம் விறாந்தையில் இருந்தவற்றின் மேல் இறங்கியது.

இராசமணியின் கையிலிருந்த பேனை மேசைக்கு வந்தது.

"இதை ஏன் அவர் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா ஆமிக்காரங்க அந்தப் பொடியங்கள புலின்னு புடிச்சிட்டுப் போவாங்க மிஸ். எங்கள காப்பாத்தின மனுசன், அவங்களயும் காப்பாத்த வேணாமா?"