கடலுக்குப் போன சோப்பு

“கட்டி சோப்பு வேணாங்க. இந்தத் தடவ இதக் கொண்டு போங்க” என்று பச்சைப் பாட்டில் ஒன்றை இமானுவேலின் பையில் திணித்தாள் மதுமதி. தலையை அமுக்கினால் கொழகொழவென்று கையில் விழுமே, அந்த பாடி வாஷ்.

பத்து நாள் கடலுக்குக் கிளம்புகிற புருஷனுக்குப் பெண்டாட்டி வைத்துவிடுகிற சாமானா இது? கைலி, துண்டு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் வைத்தாயிற்று. அதோடு இதுவும் போனால் பாம்பன் பூராவும் சிரிக்கும்.

“ஏ புள்ள, நான் என்ன சினிமாவுல நடிக்கவா போறேன்? நாகப்பட்டினம் போட்டுல மீன் பிடிக்கப் போறேன்.” பாட்டிலை எடுத்து வெளியே வைத்தான். தன் பழைய சோப்பு டப்பாவை எடுத்து உள்ளே வைத்தான்.

அவன் பயமெல்லாம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மேல்தான். சந்தியாகு நாற்பது வருஷம் போட்டு ஓட்டியவர், அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். ‘கடலுக்குப் போறவனுக்குத்தான் எம்மகளத் தருவேன்’ என்று ஊரறியச் சொல்லி, அப்படியே தந்தவர். அவர் கண்முன்னால் வாசனைப் பாட்டிலோடு இறங்கினால் மாப்பிள்ளையின் மதிப்பு என்னத்துக்கு ஆகும்?

இதில் கூத்து என்னவென்றால், மாப்பிள்ளை கடலுக்கே போவதில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் போனான். கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கூட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பிரியாணி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தான்.

மறுநாளே, நாகப்பட்டினத்துப் பெரிய போட்டில் வேலை கிடைத்துவிட்டது, போனால் திரும்பப் பத்து நாள் ஆகும் என்று வீட்டில் ஒரு போடு போட்டான். பஸ் ஏறி நேரே ஆர்.எஸ்.மங்கலத்தில் இறங்கினான். அங்கே ஒரு ஓட்டலில் பரோட்டா போட ஆரம்பித்தவன்தான், இன்றோடு எட்டு மாசமாகிறது.

சும்மா சொல்லக் கூடாது, பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்தான். திரும்பி வரும்போது ராமநாதபுரம் மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கிக்கொள்வான். மீன்பிடித் தடைக்காலம் வந்தபோது ஓட்டலுக்கே லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்கு மட்டும் தெரிந்தால் தீர்ந்தது. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். மதுமதி இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்காது. கடலுக்குப் போகாமலேயே மானம் கப்பலேறிவிடும் என்பது வேறு.

போன தடவை ஊர் திரும்பியபோது, துவைக்கிற துணிக்காக மதுமதி பையைக் கவிழ்த்தாள். சோப்பு டப்பா உருண்டுபோய் மாமனாரின் காலடியில் திறந்துகொண்டது. அவர் சோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“புது சோப்பால்ல கொண்டு போனீரு மாப்பிள்ள. பத்து நாள்ல வெத்தல மாதிரி ஆயிருச்சே.”

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் காலையும் மாலையும் முங்கிக் குளித்தால் ஆகாமல் என்ன செய்யும்? ஆனால் இமானுவேல் அசரவில்லை. “போட்டுலயும் தினம் குளிச்சிருவேன் மாமா. கடல் தண்ணிய வாளியில மொண்டு ஊத்தி சோப்பப் போட்டேன்னா, நுரை இம்புட்டு ஒசரத்துக்குப் பொங்கும்” என்று இரண்டு கையாலும் அளந்து காட்டினான்.

சந்தியாகு அவனைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். “நல்லது மாப்பிள்ள” என்று டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு நிமிர்ந்த இமானுவேலின் நெஞ்சு இன்னும் இறங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட பேரை இந்தப் பாட்டில் கெடுத்துவிடும் போலிருந்தது. மதுமதி மறுபடியும் அதைப் பைக்குள் வைத்தாள். அவன் மறுபடியும் எடுத்தான்.

“சொன்னாக் கேளு மதி. கடல்காரன் எவனாச்சும் இதத் தேய்ப்பானா? உங்கய்யா பாத்தா என்னய என்ன நினைப்பாரு?”

“அவரு ஒண்ணும் நினைக்க மாட்டாரு. வச்சிக்கோங்கன்னா வச்சிக்கோங்க.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“கட்டி சோப்புல குளிச்சு வளந்தவதான நீயும்? இந்தப் பவுசு எப்பலேருந்து வந்துச்சு?”

“எனக்கு ஒரு பவுசும் இல்ல. இத எங்கய்யாதான் வாங்கிட்டு வந்தாரு, உங்க பையில வச்சிவிடச் சொல்லி.”

இமானுவேல் வாசலைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். காற்றே இல்லை, பேப்பர் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

“மாமாவா? எதுக்கு?” என்றான்.

மதுமதி சோப்பு டப்பாவைப் பையிலிருந்து எடுத்துத் தன் முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அவன் காதருகே குனிந்தாள்.

“ஊர்ல வேற யாரு கண்ணுலயும் இந்த டப்பா பட்டுறக் கூடாதாம். கடல் தண்ணியில கட்டி சோப்பு நுரைக்கவே நுரைக்காதாம்.”