பின்பக்கத்துச் சத்தம்

“வண்டி சரியாயிடுச்சா?” மனைவி ஓட்டிவந்து நிறுத்திய பழைய மினிவேனைச் சுற்றிவந்தபடி கேட்டார் வங்கி மேலாளர்.

“எங்கே? மெக்கானிக் கடையில ஈ காக்கா இல்ல. சாவி வண்டியிலேயே இருந்துச்சு, பின்கதவைச் சாத்திட்டு எடுத்துட்டு வந்துட்டேன். முன்னாடியாவது மேடு பள்ளத்துலதான் பின்னால ‘டொக் டொக்’னு கேட்கும். இப்போ சிக்னல்ல நின்னாக்கூடக் கேட்குதுங்க! பாட்டை அலறவிட்டுத்தான் வந்து சேர்ந்தேன்.”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த மெக்கானிக் விடாம போன் பண்றான். புதுசா எதையாவது தலையில கட்டப் பார்ப்பான்னு நானும் கட் பண்ணிக்கிட்டே இருக்கேன். இப்போ பாரு, வெளுத்து வாங்கறேன்!”

எண்ணைத் தட்டினார்.

வண்டிக்குள்ளே, பின்பக்கத்தில் மணி அடித்தது.

வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் பின்கதவை ஓடிப்போய்த் திறந்தார். கடைசி சீட்டுக்குப் பின்னால், ஸ்பேனரும் கையுமாகச் சுருண்டு கிடந்தார் மெக்கானிக்.

“சத்தம் எங்கேருந்து வருதுன்னு பார்க்க உள்ளே படுத்தேன் சார். வண்டி கிளம்பிடுச்சு. தட்டினேன், கத்தினேன், அக்கா காதுல விழவே இல்ல. வண்டிக்கு ஷாக் அப்சார்பர் ஒண்ணுதான் போயிருக்கு. எனக்கு இடுப்பே போயிடுச்சு!”

முனகிக்கொண்டே அவர் இறங்கினார். மனைவி வண்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அப்பாடா! சத்தம் சுத்தமா நின்னுடுச்சுங்க!”