நல்ல நாளும் அதுவுமாய்

அவள் பிள்ளைத் துடிப்பு கேட்கும் குழலைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஹலோ."

வாசல் ஸ்பீக்கர்.

குழலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். இப்போது பாட்டு கேட்டது.

படுத்திருந்த சண்முகக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் முடிந்த வயிறு. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம் இன்னும் காயவில்லை.

ஊர்த் துணை சுகாதார நிலையம் இன்றுமுதல் நலவாழ்வு மையம். திறந்துவைக்க மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஐயா வருகிறார். ஐயா வந்தால் கூட்டம் வேண்டும், கூட்டத்தில் மங்களமும் வேண்டும். அதனால் சுற்றுவட்டாரக் கர்ப்பிணிகளை எல்லாம் திரட்டிச் சமுதாய வளைகாப்பு. திரட்டியது அவள்தான், இந்த ஊர் நர்சம்மா. வீடுவீடாகப் போய், கலவைச் சோறு உண்டு என்று ஆசைகாட்டி அழைத்து வந்தாள்.

வளையல் அடுக்கி முடித்த பிறகுதான் கனி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நேத்து ராத்திரியில இருந்து புள்ள அசையலம்மா. நல்ல நாளும் அதுவுமா வாயத் தெறக்காதன்னு அத்த சொன்னாவ."

அத்தை வெளியே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? இந்த ஊரில் விசேஷ வீட்டில் தும்மவே யோசிப்பார்கள்.

அவள் கனியை உள்ளே கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தாள்.

புது மையத்துக்கு வந்த புது மெஷின் ஒன்று மேசைமேல் ரிப்பன் கட்டி இருந்தது. வயிற்றில் வைத்தால் போதும், பிள்ளையின் இதயத்துடிப்பை அறைக்கே கேட்கும்படி சொல்லிவிடுமாம். ஐயா கையால்தான் பிரிக்கவேண்டும் என்று உத்தரவு. முதலில் அவள் ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தாள், பெட்டியைக் கிழித்தாள்.

மெஷின் இருந்தது. பேட்டரி இல்லை.

சுவரில் புதிதாக வரையப்பட்ட பெண்ணொருத்தி பத்மாசனத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அறையவேண்டும்போல் இருந்தது.

அதனால்தான் இந்தப் பழைய குழல். குழலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ பிள்ளைகளை அதில் கேட்டிருக்கிறாள். சுற்றிலும் கொஞ்சம் அமைதி வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி வைத்தாள். கனி கையை நகர்த்தினாள். வளையல்கள் சலசலத்தன. இரண்டு கைகளையும் பிடித்துத் தலைக்குமேல் வைத்தாள்.

பாட்டு. அது முடிந்தால் அடுத்த பாட்டு.

ஜன்னல் வழியே சவுண்டு செட்காரருக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

அவள் வராந்தாவுக்குப் போய் மெயின் போர்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

பாட்டு பாதியில் நின்றது. மின்விசிறி நின்றது. வெளியே ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

குழலை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் கீழே.

ஒன்றுமில்லை.

எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க ஓரத்துக்கு நகர்த்தினாள்.

ஏதோ கேட்டது.

உடனே நம்பவில்லை. தாயின் துடிப்பாகவும் இருக்கலாம். வளையல்களை மேலே தள்ளிக் கனியின் நாடியைப் பிடித்தாள். அது பயத்தில் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. காதில் கேட்டது வேறு.

பிள்ளைதான்.

கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குதிரைபோல் ஓடவேண்டும். இது ஓடவில்லை. களைத்துப்போய் நடந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டினார்கள். கரண்ட் என்னாச்சு என்றார்கள். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள்.

"இருக்காம்மா?" என்றாள் கனி.

"இருக்கு. எந்திரி."

தாழை எடுத்தாள். பூத்தட்டோடு நின்றவர்கள் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விலகினார்கள். கனியைத் தோளோடு அணைத்துப் படியிறங்கினாள். ஆட்டோ ஏதாவது நிற்கிறதா என்று தெருவைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விழாவுக்காக எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஐயாவின் கார் வந்து நின்றது.

சொல்லிவைத்தபடி பெண்கள் குலவையிட்டார்கள். டிரைவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். ஐயா இறங்கி, எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டார்.

அவள் திரும்பக் கும்பிடவில்லை. திறந்திருந்த கதவுக்குள் கனியைக் குனியவைத்து ஏற்றினாள். இடப்பக்கமாகச் சாயவைத்தாள். தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு" என்றாள். "பிள்ளைக்கு முடியல."

டிரைவர் தன் இருக்கையில் ஏறி, கண்ணாடி வழியே ஐயாவைப் பார்த்தார்.

ஐயா அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த குழலைப் பார்த்தார். கூப்பிய கையை இறக்காமலே தலையை அசைத்தார்.

வண்டி திரும்பியது. அவள் மறுபடி வயிற்றில் காது வைத்தாள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பெண்கள் விடாமல் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் கனி திரும்பிப் பார்த்தாள்.

ஐயா இன்னும் கும்பிட்டபடியே நின்றார்.