தாரணியின் கார்டியன்

நர்சிங் கல்லூரி கேட்டில் எத்திராஜை வாட்ச்மேன் கோவிந்தப்பா மறித்தார்.

“யாரு வேணும்ண்ணா?”

“தாரணி. இன்னிக்கி வெளக்கேத்துற ஃபங்ஷனாமே. நான் அவளோட கார்டியன்.”

சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய தோளில் புதுச்சட்டை உரசியது. ஆனாலும் அந்த இங்கிலீஷ் வார்த்தையை அவர் இடறாமல் சொன்னார். ஒரு வருஷமாக ஹாஸ்டல் கேட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியது.

“கார்டியனெல்லாம் இன்னிக்கி உள்ள போக முடியாது. பெத்தவங்க மட்டுந்தான்.”

“அதானேப்பா நானும் சொல்றேன்.”

“என்னாண்ணா நீங்க, அர்த்தம் தெரியாம பேசறீங்க. அப்பா அம்மா பக்கத்துல இல்லேன்னா, அவங்களுக்குப் பதிலா பாத்துக்கறவருதான் கார்டியன். அந்தப் பொண்ணோட அப்பா துபாய்ல இருக்காரு இல்ல? இன்னிக்கி வர முடியலன்னு வார்டன் மேடம் கையில சொல்லி அழுதுச்சே.”

எத்திராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வெள்ளை உடுப்பில் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தாரணி இந்தப் பக்கம் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு தோழிகளோடு மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

“நீங்க அதுக்கு என்னா மொறை வேணும்? மாமாவா?”

“தூரத்துச் சொந்தம்ப்பா,” என்றார் எத்திராஜ்.

இங்கிலீஷில் அப்பாவுக்குத்தான் கார்டியன் என்று பேர் என, ஹாஸ்டலில் விட வந்த அன்றைக்கு மகள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.